தீர்த்தமலை யாத்திரை: ஆற்றில் தொடங்கி அதியமான்கோட்டை வரை ஒரு முழு வழிகாட்டி

தருமபுரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஒகேனக்கல்தான் ஞாபகம் வரும். அருவியில் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, பரிசலில் ஒரு சுற்று போய்விட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதே மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், அரூருக்கு அப்பால், ஒரு மலைப்பாறையிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. பூஜைக்கு நீர் வேண்டி ராமர் கணை விட்டு வரவழைத்தது என்கிறது தலபுராணம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தீர்த்தமலை அது. இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால், அந்த மலையையும் தருமபுரி நகரத்துக் கோயில்களையும் அதியமான்கோட்டையையும் நிதானமாகத் தரிசித்துவிடலாம்.

இந்த யாத்திரைக்கு ஒரு வரிசை உண்டு. அதை மாற்றிப் போனாலும் தரிசனம் கிடைக்கும், குறை ஒன்றும் இல்லை. ஆனால் வரிசைப்படி போகிறவருக்கு ராமாயணத்தின் ஒரு கிளைக்கதை காலடியில் விரியும். முதல் நாள் அந்தக் கதை நடந்ததாகச் சொல்லும் இடங்கள். மறுநாள் அதே ராமாயணம் கல்லிலும் வண்ணத்திலும். அதனால்தான் மலைக்கு முன்னால் ஆற்றுக்குப் போகச் சொல்கிறேன்.

கதையைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

இலங்கையில் போரை முடித்துத் திரும்பும் வழியில் ராமர் இந்த மலையில் சிவபூஜை செய்ய நினைக்கிறார். காசியிலிருந்து தீர்த்தமும் பூவும் கொண்டுவர அனுமனை அனுப்புகிறார். அனுமன் வரத் தாமதமாகிறது, பூஜை நேரம் நெருங்குகிறது. ராமர் மலைப்பாறையில் ஒரு கணை விட, பாறை பிளந்து நீர் வருகிறது. பூஜை முடிகிறது. பிறகு வந்து சேர்ந்த அனுமனுக்கு வருத்தம். தான் சுமந்து வந்த தீர்த்தத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறார். அது போய் விழுந்த இடம் தென்பெண்ணைக் கரை. ராமர் அவரைச் சமாதானப்படுத்துகிறார்: 'உன் தீர்த்தத்தில் முழுகிவிட்டு அப்புறம் இங்கே வருகிறவர்களுக்கே முழுப் பலன்.'

அப்படி அமைந்ததுதான் அனுமன் தீர்த்தம். தாமதமாக வந்தவருக்கு முதலிடம் கொடுத்த கதை இது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பேருந்திலேயே சொல்லிக்கொண்டு வாருங்கள். மலையேறும்போது 'அந்த அம்பு பட்ட இடம் எங்கே?' என்று அவர்களே முன்னால் ஓடுவார்கள்.

எப்போது போவது

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு போனால் மலை பச்சையாக இருக்கும், தீர்த்தமும் கனமாக விழும். மார்கழி, தை மாதங்களில் வெயில் இதமாக இருக்கும். மாசியில் தேரோட்டத்தோடு பெரிய உற்சவம். அந்த நாட்களில் ஊரே திரண்டிருக்கும். தேர் பார்க்க ஆசை என்றால் அப்போது போங்கள், தீர்த்தத்தில் நிதானமாக நிற்க ஆசை என்றால் வேறு நாள் பாருங்கள். பங்குனி முதல் வைகாசி வரை முதியவர்களை மலைக்கு அழைத்துப் போக வேண்டாம். தருமபுரி வெயிலில் பத்து மணிக்கே கல் கொதிக்கத் தொடங்கிவிடும்.

ஆடிப்பெருக்கும் ஆடி அமாவாசையும் அனுமன் தீர்த்தத்துக்கு உரிய நாட்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து முழுகுவார்கள், முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பார்கள். ஊர்த் தெய்வங்களின் சூலம், வேல் முதலியவற்றை ஆற்றுக்கு எடுத்து வந்து நீராட்டிப் பூஜை செய்து திரும்பக் கொண்டுபோவதும் உண்டு. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதே ஓர் அனுபவம். ஆனால் அன்றே மலையும் ஏறித் திரும்பலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

போய்ச் சேரும் வழி

ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தருமபுரி நிலையம் சேலம்–பெங்களூர் பாதையில் இருக்கிறது. அரூருக்குப் பக்கத்து நிலையம் மொரப்பூர், அது சென்னை–சேலம் பாதையில், ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்தால் மொரப்பூரில் நிற்கும் ரயிலாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். அங்கிருந்து அரூர் பேருந்தில் பக்கம்தான். பெங்களூரிலிருந்து வந்தால் தருமபுரியில் இறங்கி அரூர் பேருந்து பிடியுங்கள், சுமார் 40 கிலோமீட்டர். சேலத்திலிருந்து அரூருக்கு நேரடிப் பேருந்துகள் உண்டு.

முதல் நாள் இரவே அரூருக்கு வந்து தங்கிவிடுவது நல்லது. பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்காதீர்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி எளிய லாட்ஜுகள் கிடைக்கும். வசதியான அறைதான் வேண்டும் என்றால் தருமபுரியில் தங்கி, விடியும் முன் காரில் கிளம்பலாம்.

மூட்டையில் என்னென்ன? ஆற்றுக்கு ஒரு மாற்றுத்துணி, மலைக்கு ஒரு மாற்றுத்துணி. ஈரத்துணி வைக்க ஒரு தனிப் பை. தீர்த்தம் எடுத்துவர மூடியுள்ள ஒரு சொம்போ தூக்கோ. ஆளுக்கு ஒரு லிட்டர் குடிதண்ணீர். அர்ச்சனைக்குத் தேங்காய், பழம், பூ, வில்வம் எல்லாவற்றையும் அரூரிலோ அடிவாரத்திலோ வாங்கிக்கொள்ளலாம். வாங்கியதும் அவற்றைத் துணிப்பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிடுங்கள். காரணத்தை மலையில் பார்ப்பீர்கள்.

முதலில் ஆறு: அனுமன் தீர்த்தம்

அரூரிலிருந்து ஊத்தங்கரை போகும் சாலையில், தென்பெண்ணையை ஒட்டி இருக்கிறது அனுமன் தீர்த்தம். அரூரிலிருந்து வந்து ஆற்றைத் தாண்டினால் தருமபுரி மாவட்டம் முடிந்து கிருஷ்ணகிரி தொடங்கிவிடுகிறது. 2004 வரை இரண்டும் ஒரே மாவட்டம்தான், அதனால் இந்தப் பக்கத்து மக்களுக்கு இந்த எல்லை பெரிய விஷயமே இல்லை. ஊத்தங்கரைக்காரர்களும் அரூர்க்காரர்களும் ஒரே துறையில்தான் முழுகுகிறார்கள்.

பொழுது விடியும்போது அங்கே இருங்கள். கரையில் சிவன் கோயில் இருக்கிறது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை மழையும், மேலே காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் கிருஷ்ணகிரி அணையும்தான் தீர்மானிக்கின்றன. அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தால் இங்கே இழுப்பு பலமாக இருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை வரும், கிளம்பும் முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் போகும்போது இறங்கவே வேண்டாம். சொம்பில் மொண்டு தலையில் மூன்று முறை ஊற்றிக்கொண்டால் போதும், அதுவும் நீராடல்தான். கோடையில் ஆறு வற்றி மணலாகக் கிடந்தால் தீர்த்தத் துறையில் இருக்கிற நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு அனுமனை வணங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு வேண்டுகோள். பழைய துணியை ஆற்றில் விட்டால் பீடை போகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, வேட்டியையும் புடவையையும் கழற்றி நீரில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அது அடுத்த பாறையில் சிக்கி அழுகிக் கிடக்கிறது. காசியிலிருந்து அனுமன் சுமந்து வந்த தண்ணீர் என்று நாமே சொல்கிறோம், அதில் நம் அழுக்குத்துணியை விடலாமா? சோப்பும் ஷாம்பும் வேண்டாம். வீட்டில் குளித்துவிட்டு வாருங்கள், இங்கே முழுகுங்கள்.

தர்ப்பணம் கொடுக்க நினைப்பவர்கள் எள்ளும் தர்ப்பையும் கையோடு கொண்டு போங்கள். அமாவாசை நாட்களில் துறையில் செய்துவைப்பவர்கள் இருப்பார்கள். சாதாரண நாளில் கிடைப்பார்கள் என்று நம்பிப் போக வேண்டாம்.

அடிவாரமும் ஏற்றமும்

அரூரிலிருந்து தீர்த்தமலை சுமார் 16 கிலோமீட்டர். டவுன் பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. அனுமன் தீர்த்தத்திலிருந்து நேராக மலைக்குப் போக வண்டி பேசிக்கொள்வதுதான் சுலபம். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஆட்டோக் கட்டணம் பெரிதாகத் தெரியாது. ஏறும் முன்பே முழுத் தொகையைப் பேசிவிடுங்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து.

அடிவாரத்திலும் கோயில் இருக்கிறது. மலையேற முடியாதவர்கள் அங்கேயே சுவாமியையும் அம்பாளையும் தரிசித்துக்கொள்ளலாம். முழங்கால் வலிக்காரர்களும் இதய நோய் உள்ளவர்களும் மனத்தாங்கல் இல்லாமல் இங்கே உட்காரலாம். மேலே போகிறவர்கள் கொண்டுவரும் தீர்த்தம் அவர்களுக்கும் சேர்ந்ததுதான். மேலே நடை திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பதை இங்கேயே விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். மேலே போய் மூடிய கதவைப் பார்த்து நிற்பது எவருக்கும் வேண்டாத சங்கடம்.

ஏற்றம் படிகள் வழியாகத்தான். முதல் கொஞ்ச தூரம் சாதாரணமாகத் தெரியும், அப்புறம் படிகள் உயரமாகும். நல்ல நடைக்காரருக்கு அரை மணி, முக்கால் மணி நேரம். குழந்தைகள், பெரியவர்களோடு நின்று நின்று ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட வேண்டாம். மூச்சு வாங்கினால் வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டபடி நின்றுவிடுங்கள். செருப்பில்லாமல் ஏறுகிறவர்கள் எட்டு மணிக்குள் பாதி மலையாவது தாண்டிவிடப் பாருங்கள்.

குரங்குகள். கையில் தொங்கும் எந்தப் பாலிதீன் பையும் அவற்றுக்குச் சாப்பாடுதான். வாழைப்பழத்தை எடுத்து நீட்டாதீர்கள். நீங்கள் அன்பாகக் கொடுத்துவிட்டுப் போவீர்கள், உங்களுக்குப் பின்னால் வரும் பாட்டியின் அர்ச்சனைத் தட்டை அது பிடித்து இழுக்கும். துணிப்பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல், அதே வேகத்தில் நடந்தால் ஒன்றும் செய்யாது. கண்ணாடி அணிந்தவர்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

ராம தீர்த்தம்

கோயில் மலையின் உச்சியில் இல்லை. செங்குத்தான பெரிய பாறைச்சுவர் ஒன்று எழும்பி நிற்க, அதன் காலடியில் ஒட்டினாற்போல இருக்கிறது. கடைசிப் படிகளில் ஏறும்போதே அந்தப் பாறை கண்ணை நிறைத்துவிடும்.

சந்நிதிக்குப் போகும் முன் நீராடல். ராம தீர்த்தம் அருவிபோலக் கொட்டுவதில்லை. தலைக்கு மேலே வெகு உயரத்தில் பாறையிலிருந்து நூல் நூலாகப் பிரிந்து விழுகிறது. மழைக்காலத்தில் நூல்கள் சேர்ந்து கயிறாகும், கோடையில் பிரிந்து துளிகளாகும். காற்று அடித்தால் அந்த நீர் இரண்டடி நகர்ந்து விழும். கீழே நிற்பவர்களும் கண்ணை மூடியபடியே இரண்டடி நகர்வார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து வருவதால் ஒவ்வொரு துளியும் உச்சந்தலையில் சுள்ளென்று படும், சில்லென்று இறங்கும். ஏறிவந்த களைப்பு அந்த இடத்திலேயே போய்விடும். ஓரமாக ஓர் அம்மா பித்தளைச் சொம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். துளி சொம்புக்குள் விழும் சத்தம் நிறைய நிறைய மாறிக்கொண்டே வரும், நிறைந்ததும் முந்தானையால் மூடிக்கொண்டு நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விடுவார்.

அந்த இடம் விடுதல்தான் இங்கே முக்கியம். விழும் நீர் குறைவு, நிற்க இருக்கும் இடமும் குறைவு. தலை நனைந்ததும், மனதுக்குள் வேண்டிக்கொண்டதும் நகர்ந்துவிடுங்கள். போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பவரால் பின்னால் பத்துப் பேர் ஈரத்துணியோடு காத்திருக்க நேரும். தரையில் பாசி இருக்கும், குழந்தைகளின் கையை விடாதீர்கள். இங்கேயும் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். இதே நீரைத்தான் ஜனங்கள் குடிக்கிறார்கள், வீட்டுக்கும் எடுத்துப்போகிறார்கள்.

மலைமேல் குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று இன்னும் நான்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அகத்தியர் தீர்த்தம் வயிற்றுக் கோளாறைத் தீர்க்கும் என்பார்கள். எதிலும் முழுக வேண்டிய அவசியமில்லை, தலையில் தெளித்து ஒரு வாய் அருந்தினால் போதும். அர்ச்சகரிடமோ உள்ளூர்க்காரரிடமோ கேட்டால் எது எங்கே என்று கை காட்டுவார்கள்.

உடை மாற்றிக்கொண்டு சந்நிதிக்கு வாருங்கள். சுவாமி தீர்த்தகிரீசுவரர், அம்பாள் வடிவாம்பிகை. ஈரத்தலையோடு, விபூதியை நீரில் குழைத்துப் பூசிக்கொண்டு அந்தச் சந்நிதியில் நிற்கும்போது ஒரு நிறைவு வரும் பாருங்கள், அதற்காகவே இவ்வளவு தூரம் வரலாம். அருணகிரியாரின் பாட்டை நினைத்து முருகன் சந்நிதியில் தெரிந்த திருப்புகழ் ஒன்றைச் சொல்லுங்கள். ராகம் தெரியாவிட்டால் பரவாயில்லை. முழுப்பாட்டும் மனப்பாடம் இல்லையென்றால் எழுதி எடுத்துவாருங்கள், மலைமேல் இணையத்தை நம்ப வேண்டாம்.

வெளியே வந்து கல்வெட்டுகளைத் தேடிப் பாருங்கள். ஆயிரம் வருஷம் பழமையுள்ள கோயில் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. சுண்ணாம்பு, பெயிண்ட், எண்ணெய்க்கறை எதையும் அதன்மேல் படவிடாதீர்கள். சாமி கும்பிட்டுவிட்டு மிஞ்சிய குங்குமத்தைத் தூணில் தடவும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை இங்கேயாவது விட்டுவிடலாம்.

மாலை வெயில் சாயும் முன் இறங்கிவிடுங்கள். இறக்கத்தில்தான் முழங்காலுக்கு வேலை அதிகம், ஒரு கைத்தடி இருந்தால் நல்லது. கீழே சாப்பாடு கிடைக்கும் என்று நம்பாமல் புளியோதரையோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு வந்திருந்தால் பிள்ளைகள் அழாது. அரூருக்கோ தருமபுரிக்கோ வந்தபின் கேட்டுப் பாருங்கள், கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போடும் சின்னக் கடைகள் உண்டு. மலையேறி வந்த வயிற்றுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

மறுநாள்: தருமபுரி கோட்டைக் கோயில்

சங்ககாலத்துத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். கோட்டை இப்போது இல்லை, பேர் மட்டும் நிற்கிறது. கோட்டைக் கோயில் என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவிடுவார்கள்.

அங்கே மல்லிகார்ச்சுனேசுவரர், காமாட்சியம்மன் கோயில். இந்தப் பகுதியை ஆண்ட நுளம்பர் என்ற அரச மரபினர் காலத்துக் கட்டுமானம். இங்கே மண்டபத்தில் தரையைத் தொடாமல் நிற்கும் இரண்டு தூண்கள்தான் பிரபலம். தூணுக்கும் தரைக்கும் நடுவே காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள். ஆனால் அதைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் கிளம்பிவிடுகிறார்கள், அவர்கள் தவறவிடுவது இதைவிடப் பெரியது.

அம்பாள் சந்நிதி சுவாமி சந்நிதியைவிட உயரத்தில் இருக்கிறது. அம்பாளைத் தரிசித்துவிட்டுக் கீழே இறங்கி, சந்நிதியைச் சுற்றி அதிட்டானத்தை, அதாவது கோயிலைத் தாங்கும் கல் அடித்தளத்தை, குனிந்து பாருங்கள். ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் சிறியது, நின்றபடி பார்த்தால் வெறும் பூவேலைபோலத் தெரியும். உட்கார்ந்து, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்தால் வில் தெரியும், வால் தெரியும், மரம் தெரியும். முதல் நாள் ஆற்றிலும் மலையிலும் கேட்ட கதையின் ஆட்களை இங்கே முகத்துக்கு முகம் பார்க்கிறீர்கள். இதற்காகத்தான் இந்தக் கோயிலை இரண்டாம் நாளில் வைக்கச் சொன்னேன். அரை மணி நேரமாவது கொடுங்கள்.

பக்கத்திலேயே வரமகாலட்சுமி உடனுறை பரவாசுதேவர் கோயில். பெருமாள் ஆதிசேஷன்மேல் அமர்ந்த கோலம். அதையும் சேவித்துவிட்டுக் கிளம்பலாம்.

அதியமான்கோட்டை

தருமபுரியிலிருந்து சேலம் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸிலேயே போகலாம். இந்த ஊருக்குக் கூட்டம் வருவது காலபைரவருக்காக. ஆனால் நேரம் இருக்கிறவர்கள் முதலில் சென்றாயப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். கதவு பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் அர்ச்சகர் எப்போது வருவார் என்று விசாரியுங்கள். உள்ளே விதானத்தை அண்ணாந்து பாருங்கள்: ராமாயண, மகாபாரதக் காட்சிகள் பழைய ஓவியங்களாக இருக்கின்றன. வண்ணம் பல இடங்களில் மங்கிவிட்டது, கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், கையால் தொடாதீர்கள். கற்பூரப் புகைகூட அதற்கு ஆகாது. கல்லில் பார்த்த அதே ராமர் இங்கே வண்ணத்தில்.

அப்புறம் பைரவர். தட்சிண காசி காலபைரவர் என்றே அழைக்கிறார்கள். தேய்பிறை அஷ்டமி இங்கே பெரிய நாள். தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஜனங்கள் குவிந்துவிடுவார்கள், வரிசை வெகுதூரம் நீளும். சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, உள்ளே குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரியிட்டு ஏற்றுவது இங்கத்து முக்கியமான வேண்டுதல். பூசணி கோயில் வாசல் கடைகளில் கிடைக்கும். விளக்கேற்றும் இடத்தில் எண்ணெய் சிந்தித் தரை வழுக்கும். பட்டுப்புடவை, நைலான் தாவணி கட்டியவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நெருப்பருகே போங்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

அஷ்டமி அன்றுதான் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் காலை முதல் தீபாராதனைக்கே போய்விடுங்கள், பகல் ஏற ஏறக் கூட்டமும் ஏறும். அன்று கையில் மூட்டை முடிச்சு எதுவும் வேண்டாம், தருமபுரி அறையில் வைத்துவிட்டு வாருங்கள். அப்படி வேண்டுதல் இல்லாதவர்கள் சாதாரண வாரநாளில் வந்தால் பைரவரைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, பிரகாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் வரலாம். வெளியே வந்தால் சேலம் பக்கம் போகிறவர்களுக்கு நெடுஞ்சாலை பக்கத்திலேயே. பெங்களூர்க்காரர்கள் மட்டும் தருமபுரிக்குத் திரும்பிப் பேருந்தோ ரயிலோ பிடிப்பது சுலபம்.